அப்பாவின் இன்லேண்ட் கடிதங்கள்: ஸ்கேன் செய்துவிட்டு அசலைப் போட்டுவிடலாமா?

தகரப்பெட்டி

மன்னார்குடி வீட்டை விற்றாகிவிட்டது. தை பிறப்பதற்குள் காலி செய்து சாவி கொடுக்க வேண்டும். பாத்திரம், கட்டில், ஆட்டுக்கல் எல்லாவற்றுக்கும் ஒரு வழி பிறந்துவிட்டது. மிச்சம் இருப்பது இரண்டு ட்ரங்குப் பெட்டி. இரண்டிலும் முழுக்கக் காகிதம்.

அப்பா 1963இல் பிலாய் இரும்பாலையில் வேலைக்குப் போனார். அம்மா, தாத்தா பாட்டியோடு மன்னார்குடியிலேயே இருந்தார். 1971இல் குவார்ட்டர்ஸ் கிடைத்த பிறகுதான் எங்களை அழைத்துக்கொண்டார். அந்த எட்டு வருடமும் வாரம் ஒரு இன்லேண்ட் (மடித்து ஓரம் ஒட்டி அனுப்பும் நீலத் தபால் தாள்) வரும். தாத்தா பேருக்குத்தான் வரும். கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்துவிட்டு, உத்தரத்தில் தொங்கும் கம்பியில் குத்திவிடுவார். அதனால் எல்லாக் கடிதத்துக்கும் நட்டநடுவில் ஓர் ஓட்டை.

இவை தவிர மொய் நோட்டு மூன்று, உள்தாள் ஒட்டி ஒட்டித் தடித்துப்போன ரேஷன் கார்டு, சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டு, ‘மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி’ என்று ஒரு தந்தி (பாட்டி அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தார்), பால் கணக்கு அட்டைகள். அப்புறம் ஒரு பழுப்புக் கவர் நிறைய நீலக் கிழிசல்கள். எதற்கு வைத்திருந்தார்கள் என்றே தெரியவில்லை.

சென்னையில் எங்கள் ஃபிளாட் 780 சதுர அடி. ‘ஸ்கேன் பண்ணிட்டுப் போடுங்க’ என்கிறாள் மனைவி. நியாயம்தான். போன ஞாயிற்றுக்கிழமை போனிலேயே நாற்பது கடிதம் எடுத்தேன். அசலைவிடப் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் எடுத்து முடித்த நாற்பதையும் குப்பைப் பைக்குள் வைக்கக் கை வரவில்லை. மறுபடி பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். பெட்டியைத் திறந்ததும் வருகிற அந்த வாசனைக்கே பாதி மனசு இறங்கிவிடுகிறது.

ஸ்கேன் செய்துவிட்டு அசலைப் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பிறகு வருத்தப்பட்டீர்களா, இல்லை நாலு நாளில் மறந்துவிட்டதா?

மாடிவீட்டு மாமி

நான் போட்டேன். ஸ்கேன்கூடச் செய்யவில்லை. வருத்தமும் இல்லை.

மாமியார் காலமான வருடம் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு மூட்டை கடிதம் கிடைத்தது. அவரும் அவருடைய அக்காவும் பல வருடம் எழுதிக்கொண்டது. நாலைந்து படித்தேன். நகைச் சண்டை, யார் யாரை என்ன சொன்னார்கள், என் கல்யாணத்தில் எங்கள் வீட்டார் செய்த சீர் எவ்வளவு மட்டம், எல்லாம் இருந்தது. அந்த அக்கா பிள்ளைகளோடு நாங்கள் இப்போது நல்ல உறவாக இருக்கிறோம். இதைப் பத்திரமாக வைத்து யாருக்கு என்ன பிரயோசனம்? போகியன்று விடியற்காலை பழைய பாயோடு சேர்த்துப் போட்டேன். புகை, மாசு என்று இப்போது எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் அன்றைக்கு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

எல்லாக் காகிதமும் ஆறுதல் தருவதில்லை.

உசிலம்பட்டிக்காரி

கடிதத்தை என்னவோ செய்யுங்கள் அண்ணா. மொய் நோட்டு மூன்றையும் தொட்டுவிடாதீர்கள். அது ஞாபகார்த்தம் இல்லை, கணக்கு. வீட்டை விற்றாலும், வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்கிற செய்முறை உங்கள் தலையில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்தது: அப்பாவின் சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து. ‘உங்க வீட்டு விசேஷத்துக்கு நாங்க அன்னைக்கே பெருசா செஞ்சோம், நீங்க இன்னும் திருப்பலை’ என்று பந்தியிலேயே பேச்சு வந்துவிட்டது. அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து 1987 நோட்டை எடுத்தார். ‘ரூ. 51, குத்துவிளக்கு 1’ என்று இருந்தது. அதற்கு நேரே தாத்தா சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, திருப்பிச் செய்த தேதியும் எழுதியிருந்தார். நோட்டை எடுத்துப்போய்க் காட்டினோம். விஷயம் அதோடு முடிந்தது. அந்தச் சித்தப்பாவே நோட்டை வாங்கித் தடவிப் பார்த்து, ‘அண்ணன் கையெழுத்து’ என்று கண் கலங்கிவிட்டார். சண்டைக்கு வந்தவர் அழுதுவிட்டுப் போனார்.

இப்போது எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் மொய். பேரைச் சொன்னால் தட்டெழுதிக் கையில் ஒரு சீட்டு கொடுத்துவிடுகிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கை கல்யாணத்தில் வந்த சீட்டுகளைப் பர்ஸிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பேரும் இல்லை, தொகையும் இல்லை. வெள்ளைத் தாள்.

பழைய எழுத்துரு

அந்தச் சீட்டு வெப்பத்தால் அச்சாவது. அதில் மையே கிடையாது. தாளின் மேல்பூச்சு சூடு பட்டுக் கறுக்கும். பிறகு வெயில், சூடு, பிளாஸ்டிக் உறை என்று எது பட்டாலும் எழுத்து போய்விடும். ஏடிஎம் சீட்டும் அதே கதைதான். ஆக, காகிதம் என்றாலே நிலைக்கும் என்று எண்ண வேண்டாம்.

தகரப்பெட்டி சாருக்கு: நான் கணினி ஆள். ஸ்கேன் செய்யுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். அதோடு என் கதையையும் கேளுங்கள்.

1999 முதல் 2003 வரை நானும் இப்போதைய என் மனைவியும் தமிழில்தான் மின்னஞ்சல் எழுதிக்கொண்டோம். எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரிகிற யூனிகோடு அப்போது பரவவில்லை. அவள் ஊரில் பாமினி, நான் டிஸ்கி. ஒவ்வொருவர் கணினியிலும் ஒவ்வோர் எழுத்துரு. அந்தக் கடிதங்களை எல்லாம் கோப்பாக இறக்கி வைத்திருக்கிறேன், ஒன்றுகூடத் தொலையவில்லை. இன்று திறந்தால் பூனை விசைப்பலகைமேல் நடந்ததுபோல ஆங்கில எழுத்தும் குறியும். மாற்றித் தரும் மென்பொருள் உண்டு, மாற்றியும் பார்த்தேன். பாதி சரியாக வந்தது. சில கடிதங்களில் கொம்பும் காலும் இடம் மாறி, அவள் என்னைத் திட்டுகிறாளா கொஞ்சுகிறாளா என்றே தெரியவில்லை. அவளுக்கும் நினைவில்லை.

ஆர்க்குட்டில் நண்பர்கள் எழுதியது 2014 செப்டம்பர் 30ஓடு போனது. யாஹூ குழுமங்கள் 2020இல் போயின. கூகுள் கணக்கை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் அதை அழிக்கலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் தாத்தாவின் கம்பி அறுபது வருடம் தாங்கியிருக்கிறது. அதற்கு யாரும் கடவுச்சொல் போடவில்லை.

எப்படியும் ஸ்கேன் எடுங்கள். இரண்டு பக்கமும், முகவரிப் பக்கம் உட்பட. கோப்புக்குப் பெயராகத் தேதியை வையுங்கள். ஒரு பிரதி வீட்டு ஹார்டு டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம்.

தேதி போடாத கடிதம் இருந்தால் முகவரியைப் பாருங்கள். ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்று இருந்தால் பெரும்பாலும் 1969 பொங்கலுக்கு முந்தையது. பின்கோடு இருந்தால் நிச்சயம் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு. தபால் முத்திரை தெளிவாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

முடிச்சூர் கீழ்த்தளம்

நான் கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்லப்போகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர், இரண்டரை நாள். அண்ணன் ராணுவத்தில் இருந்தபோது எழுதிய கடிதங்கள் கட்டிலுக்கடியில் சூட்கேஸில் இருந்தன. தண்ணீர் வடிந்து திறந்தால், ஊற்றுப் பேனாவில் எழுதியதெல்லாம் வெறும் நீலக்கறை. பால்பாயிண்ட் பாதி தாங்கியது. பென்சிலில் எழுதிய இரண்டு மட்டும் அச்சு அசலாக இருந்தன. அதை யார் எதிர்பார்த்தார்கள்?

தொலைந்த சான்றிதழ்களுக்கு நகல் தர முகாம் போட்டார்கள். ரேஷன் கார்டு, மதிப்பெண் பட்டியல் எல்லாம் திரும்பக் கிடைத்தன. அண்ணன் இப்போது இல்லை. ஸ்கேன் எடுத்து வைத்திருக்கலாமே என்று நினைக்காத நாள் குறைவு. ஃபிளாட் எத்தனையாவது மாடி சார்?

பைண்டிங் கடை

தம்பி, நாற்பது வருடமாகப் புத்தகம் பைண்டு போடுகிறேன். உங்களை உருக வைக்கிற அந்த வாசனை, காகிதம் கெட்டுப்போகிற வாசனை. செய்தித்தாள் ரகத்துத் தாளில் புளிப்பு ஏறிக்கொண்டே இருக்கும். மஞ்சளாகி, கடைசியில் அப்பளம் மாதிரி உடையும். இன்லேண்ட் தாள் அவ்வளவு மோசமில்லை. பாட்டுப் புத்தகம் மோசம்.

செய்யக்கூடாததை முதலில் சொல்கிறேன். லேமினேஷன் போடாதீர்கள். அது சூட்டில் ஒட்டுவது, பிறகு பிரிக்கவே முடியாது. செலோ டேப் வேண்டவே வேண்டாம். பத்து வருடத்தில் பட்டை உதிர்ந்துவிடும், பசை மட்டும் மஞ்சளாக உள்ளே இறங்கி எழுத்தைத் தின்றுவிடும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், துருப்பிடிக்கும். கிழிசலை நீங்களாக மைதாப் பசையால் ஒட்டப் போகாதீர்கள். நாங்கள் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் போடுவோம், பூச்சி வராது. வெறும் மைதா, ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி.

கம்பி ஓட்டையை அடைக்காதீர்கள். அது இருக்கட்டும்.

பெட்டி தரையில் உட்காரக்கூடாது, நாலு கட்டைமேல் வையுங்கள். சுவரை ஒட்டியும் வேண்டாம். தை, மாசியில் ஈரம் இல்லாத நாளாகப் பார்த்து நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். அந்துருண்டையைக் காகிதத்தின் மேலேயே போடுகிறார்கள், அதுவும் தப்பு.

பனங்கூடல்

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில் இருக்கிறன். இந்த இழையை இரண்டு தரம் வாசித்தன்.

எங்கட வீட்டிலும் இப்படி ஒரு ட்ரங்குப் பெட்டி இருந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் சண்டையால வலிகாமம் பகுதிச் சனம் முழுக்க வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டனாங்கள். மழை. கையில எடுத்தது ஒரு பை. அதில பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அம்மாவின் மருந்து. கலியாணப் படங்கள், அப்பாவின் நாட்குறிப்பு, எல்லாம் வீட்டிலேயே. திரும்பிப் போனபோது கூரையும் இல்லை. எங்கட ஊராருக்கு இது புதிதில்லை. 1981இல் யாழ் நூலகம் 97,000 புத்தகங்களோட ஒரே இரவில் எரிந்ததைப் பார்த்த ஊர் அது. ஓலைச்சுவடிகளும் அதோட போயின.

நான் கனடா வந்த பிறகு அம்மா எழுதின ஏரோகிராம் ஒன்று மட்டும் இருக்கிறது. மற்றவற்றை வீடு மாறி மாறி நானே தொலைத்தன். அது என்ர பிழை, சண்டையின் பிழை இல்லை. ஏரோகிராமில் இடம் காணாது எண்டு அம்மா நாலு கரையும் சுற்றிச் சுற்றி எழுதுவா. வாசிக்க வேணுமெண்டால் தாளைக் கையில வைத்துச் சுழற்ற வேணும். மகளுக்காக அதை ஸ்கேன் பண்ணினன். திரையில் அவள் தலையைச் சாய்த்து வாசிக்கப் பார்த்தாள், பிறகு படத்தை நாலு தரம் திருப்பினாள், பிறகு விட்டுவிட்டாள். அசலைக் கையில கொடுத்தன். தானாகவே சுழற்றினாள்.

அண்ணை, அந்த நீலக் கிழிசல்களை எறிய முதல் ஒருக்கால் வடிவாகப் பாருங்கோ. கடிதம் திறக்கிறபோது மடிப்பு ஓரத்தில் இருக்கிற எழுத்து கிழிஞ்சு வாறது வழக்கம்.

தகரப்பெட்டி

எல்லோருக்கும் நன்றி. முடிச்சூர்க்காரருக்கு: இரண்டாவது மாடி.

ஒரு தப்பு நடந்துவிட்டது. நேற்று பழைய பேப்பர்காரர் வந்தார். மின் கட்டணம், பழைய பஞ்சாங்கம், பாட்டுப் புத்தகக் கட்டு எல்லாம் சேர்த்துப் பதினாலு கிலோ போட்டேன். இங்கே பாட்டுப் புத்தகத்தைப் பற்றிப் படித்தது அதற்குப் பிறகுதான். ‘நீலத் துண்டுகளைப் பாருங்கள்’ என்று பனங்கூடல் எழுதியதைப் படித்துவிட்டுக் கவரைத் தேடினேன். காணோம். எடைக்குப் போட்ட பையில் போயிருக்கும் போலிருக்கிறது. அதில் என்ன இருந்தது என்றுகூடத் தெரியாது, ஆனால் சாப்பாடு இறங்கவில்லை.

கோட்டையூர் பக்கத்து ஆள்

பாட்டுப் புத்தகம் எடைக்குப் போனதா! ஐயோ.

எங்கள் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். புத்தகம் மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் கிழித்துப் போட்டதையும் சேர்த்தார். அவர் 1992இல் இறந்த பிறகு, சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்த அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வெளிநாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே வைத்து நூலகமாக்கினார்கள், இப்போது தரமணியில் இருக்கிறது. இன்று தமிழ் சினிமா, நாடகம் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் அங்கேதான் போய் உட்காருகிறார்கள். அடுத்த முறை அச்சான பழைய சரக்கு எதுவானாலும் பேப்பர்காரருக்கு முன் ஒரு நூலகத்துக்குப் போன் செய்யுங்கள்.

மாமி சொன்னதில் பாதியை நானும் ஒப்புக்கொள்கிறேன். கருமாதிப் பத்திரிகையைப் படித்த கையோடு கிழித்துப் போடுவதுதானே நம் வழக்கம்? வீட்டுக்குள் வைத்திருக்க மாட்டோம். எதை வைப்பது, எதைப் போடுவது என்று நம் ஆட்களுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

மாடிவீட்டு மாமி

முதலில் எழுதும்போதே கேட்க நினைத்தேன். அப்பா, தாத்தா, பாட்டி, மனைவி எல்லோரும் வந்துவிட்டார்கள். உங்கள் அம்மா இருக்கிறார்களா? இருந்தால் அவர்களைக் கேட்டீர்களா? கடிதம் அவர்களுடையது.

தகரப்பெட்டி

அம்மா என்னோடுதான் இருக்கிறார். 83 வயது. கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது, மனசு கஷ்டப்படுமே என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தகரப்பெட்டி

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

மாமிக்கு ஒரு நமஸ்காரம். முந்தாநாள் இரவு அம்மாவிடம் கேட்டேன். ‘கடுதாசியா? அதெல்லாம் உங்க தாத்தாவுது. எனக்கு எதுக்கு?’ என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொஞ்சம் கழித்து அவரே எழுந்து போய், தலையணை உறைக்குள் கையை விட்டுப் பழுப்புக் கவரை எடுத்து வந்தார். நான் எடைக்குப் போட்டுவிட்டதாக நினைத்த அதே கவர். பெட்டி வந்து இறங்கிய அன்றைக்கே எடுத்துக்கொண்டாராம்.

விஷயம் இதுதான். மருமகளுக்குத் தனியாகக் கடிதம் எழுதுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எல்லாம் தாத்தா பேருக்கு, கூடத்தில் உரக்கப் படிக்க. அம்மா சமையலறை நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பாராம். தாத்தா இன்லேண்ட்டைப் பிரிக்கச் சவர பிளேடால் இரண்டு ஓரமும் சீவுவார். பசை ஒட்டிய பட்டைகள் தனியாக விழும். அவற்றைப் பார்க்காமல் கீழே போட்டுவிடுவார். பெருக்குவது அம்மா. விடுமுறைக்கு வந்தபோது அப்பா இதைக் கவனித்திருக்கிறார். அடுத்த கடிதத்திலிருந்து அந்த ஓரப் பட்டையின் உள்பக்கம், பசை படாத அரை அங்குலத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி.

நேற்று பூதக்கண்ணாடி வைத்து இருவரும் பார்த்தோம். பெரிய காதல் வசனமெல்லாம் இல்லை. ‘டானிக் விடாமல் சாப்பிடு.’ ‘இங்கே குளிர். ஸ்வெட்டர் வாங்கினேன், பச்சை.’ ‘மார்ச்சில் லீவு கிடைக்காது, அப்பாவிடம் ஏப்ரல் என்று எழுதியிருக்கிறேன், அதுவும் நிச்சயமில்லை.’ ஒன்றில் ‘பல்வலி தேவலையா’ மட்டும். பாதிக்கு மேல் பசை இழுத்துப் படிக்க முடியவில்லை. சிலவற்றில் எழுத்தே இல்லை. அதை ஏன் வைத்திருக்கிறாய் என்றதற்கு, ‘அந்த வாரம் அவருக்கு நேரமில்லை போல’ என்றார் அம்மா.

ஸ்கேன் எடுக்கட்டுமா என்று கேட்டேன். முடியாது என்றுவிட்டார். நாலு துண்டுகளைத் தனியாக எடுத்து, எனக்குக் காட்டாமலே கிழித்துத் தூள் தூளாக்கி, துளசித் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

தாத்தாவின் கம்பிக் கடிதங்கள் 312 இருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து அசலை ஒரு பெட்டிக்குள் அடக்கிவிடப் போகிறேன். மொய் நோட்டு மூன்றும் அதோடு. ஒரு ட்ரங்குப் பெட்டிக்கு மனைவி சம்மதித்துவிட்டாள், ஷூ அலமாரியின் மேல். இன்னொரு பெட்டி காலியாகிவிட்டது. அதில் அரிசி போட்டு வைக்கலாமா என்று அம்மா கேட்கிறார்.

உசிலம்பட்டிக்காரி

அந்த வெற்றுத் துண்டுகளையும் அப்பா வேண்டுமென்றே வெறுமையாக விட்டாரா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மொய் நோட்டில் முதல் பக்கம் மஞ்சள் தடவியிருந்தால் அதை மட்டும் தனியாகத் தாள் வைத்து மூடுங்கள் அண்ணா. எங்கள் நோட்டில் மஞ்சள் அடுத்த பக்கத்தில் இறங்கி இரண்டு பேர் தொகை தெரியவில்லை.

பழைய எழுத்துரு

312ஐயும் எடுக்கும்போது ஓட்டையும் படத்தில் தெரிய, பின்னால் கறுப்பு அட்டை வைத்து எடுங்கள். வெள்ளைப் பின்னணி என்றால் சில செயலிகள் ஓட்டையைக் கறை என்று நினைத்துத் தானாக ‘சரிசெய்து’விடும்.

பனங்கூடல்

அம்மாவிடம் என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் எழுத வருகுதில்லை.

பைண்டிங் கடை

ஓரப் பட்டைகளைக் கவரில் திணிக்காமல், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி அம்மா கையிலேயே கொடுத்துவிடுங்கள். கடிதப் பெட்டிக்கு: தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்கு வைக்கிற பொடி இருக்கிறது. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கொஞ்சம் கற்பூரம். பொடித்துச் சின்னத் துணி முடிச்சாகக் கட்டி மூலைக்கு ஒன்று போட வேண்டும். வாசம் போனதும் மாற்றிவிட வேண்டும்.

தகரப்பெட்டி

வசம்பு சென்னையில் எங்கே கிடைக்கும் ஐயா?

மாடிவீட்டு மாமி

எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள்.